கடல் வளர்த்த வீரரும் கரையில் நின்ற நடுவர்களும்

நீச்சல் போட்டியில் வென்றவர் யார் என்று கேட்டால், முதலில் சுவரைத் தொட்டவர் என்றுதான் எவரும் விடையளிப்பர். அந்த விடையில் பாதிதான் உண்மை இருக்கிறது. முதலில் தொட்டவர் யார், எந்த விநாடியில் தொட்டார், விதிப்படி நீந்தி வந்து தொட்டாரா என்பதையெல்லாம் கரையில் நிற்பவர்கள் சொல்லியாக வேண்டும். தண்ணீருக்குள் நடப்பதைத் தண்ணீருக்கு வெளியே இருப்பவர்கள் தீர்மானிக்கும் விளையாட்டு இது. அதனால்தான் நீச்சலின் வரலாறு சாதனைகளின் வரலாறாக இருக்கும் அளவுக்கு முறையீடுகளின் வரலாறாகவும் இருக்கிறது.

இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவில் முன்வந்து நிற்பவர் டியூக் கஹானமோக்கு. ஹவாய்த் தீவில் பிறந்து, 1968-இல் மறைந்த அவரை இன்றைய உலகம் நவீன அலைச்சறுக்கு விளையாட்டின் தந்தையாக அறிந்திருக்கிறது. ஆனால், அவர் முதலில் ஒரு நீச்சல் வீரர். மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் மூன்று தங்கமும் இரண்டு வெள்ளியும் வென்றவர். அவருடைய நீச்சல் வாழ்க்கையின் முக்கியமான மூன்று கட்டங்களில் கரையில் நின்றவர்கள் குறுக்கிட்டனர். ஒருமுறை அவருடைய சாதனையை நம்ப மறுத்தனர். ஒருமுறை அவர் போட்டிக்கு வராததைப் பொறுத்துக்கொண்டனர். இன்னொரு முறை, அவர் வென்ற போட்டியை ரத்து செய்து மீண்டும் நீந்தச் சொன்னார்கள். விதியும் நீதியும் எங்கே இணைகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான வாழ்க்கை வேறொன்றை நான் அறியேன்.

டியூக் 1890 ஆகஸ்ட் 24-இல் ஹொனலூலூவில் பிறந்தபோது ஹவாய் ஒரு தனி அரசு. 1869-இல் எடின்பரோ கோமகன் அங்கு வருகை தந்ததன் நினைவாக அவருடைய தந்தைக்கு டியூக் என்று பெயர் வைத்தனர். அந்தப் பெயரே மூத்த மகனுக்கும் வந்தது. எனவே அது பட்டமன்று, வெறும் பெயர். தந்தை காவல்துறையில் பணியாற்றினார். ஐந்து தம்பிகள், மூன்று தங்கைகள் என்று பெரிய குடும்பம். சிறுவனுக்கு மூன்று வயது நிரம்புவதற்குள், 1893-இல், ஹவாய் அரசி ஆட்சியிலிருந்து அகற்றப்பட்டார். 1898-இல் அத்தீவுகளை அமெரிக்கா தன்னுடன் இணைத்துக்கொண்டது. ஓர் அரசின் குடிமகனாகப் பிறந்தவர், எட்டு வயதாகும்போது மற்றொரு நாட்டின் ஆளுகைக்கு உட்பட்டவராகிவிட்டார். பின்னாளில் எந்த நாட்டின் கொடியை ஏந்திப் போட்டியிட்டாரோ, அந்த நாடு அவராகத் தேர்ந்துகொண்டதன்று.

வைகீகி கடற்கரைதான் அவருடைய விளையாட்டரங்கம். பள்ளிப் படிப்பைவிடக் கடல்தான் அவரை ஈர்த்தது. கையின் ஒவ்வொரு வீச்சுக்கும் கால்களைச் சிறிதாகவும் விரைவாகவும் பலமுறை உதைத்துச் செல்லும் நீச்சல் அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இயல்பாக வாய்த்தது. பயிற்சியாளரோ நீச்சல் குளமோ அதற்குத் தேவைப்படவில்லை. அவருடைய வேகத்தைக் கண்டு வியந்த வில்லியம் ராலின்ஸ் என்ற வழக்கறிஞர்தான் அவரை முறையான போட்டிக்கு அழைத்து வந்தார்.

1911 ஆகஸ்ட் 11-ஆம் நாள் ஹொனலூலூ துறைமுகத்தில், அமெரிக்க அமெச்சூர் தடகள ஒன்றியத்தின் அனுமதியுடன் நீச்சல் போட்டி நடைபெற்றது. ஹவாயில் அத்தகைய அங்கீகாரம் பெற்ற முதல் போட்டி அது. அதில் டியூக் 100 கெஜத் தொலைவை 55.4 விநாடிகளில் நீந்தினார். அப்போதைய உலக சாதனையைவிட இது 4.6 விநாடிகள் குறைவு. நீச்சலில் சாதனைகள் விநாடியின் சிறு பின்னங்களில்தான் முறியடிக்கப்படும். 100 கெஜத்தில் நான்கரை விநாடிக்கும் மேலான முன்னேற்றம் என்பது கேட்டவர் எவரையும் திகைக்க வைக்கும் செய்தி.

அமெரிக்கப் பெருநிலத்தில் இருந்த நிர்வாகிகள் திகைக்கவில்லை, சந்தேகித்தனர். ஹொனலூலூ நடுவர்கள் ஸ்டாப்வாட்சுக்குப் பதிலாக அலாரம் கடிகாரத்தைப் பயன்படுத்தியிருப்பார்கள் என்ற ஏளனம் முதலில் வந்தது. கடல் நீரோட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும் என்ற விளக்கம் பின்னர் வந்தது. சாதனை ஏற்கப்படவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் பழமொழி. இங்கோ ஆட்டத்தைப் பார்க்காதவர்கள், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் அமர்ந்துகொண்டு, கூடம் கோணல் என்றார்கள்.

சந்தேகிப்பது நிர்வாகிகளின் கடமைதான் என்று ஒருவர் வாதிடலாம். அதில் நியாயம் உண்டு. தொலைவு சரியாக அளக்கப்பட்டதா, கடிகாரங்கள் சரியானவையா, நீரோட்டம் இருந்ததா என்று கேட்பதில் தவறில்லை. ஆனால், கேள்வி கேட்பது வேறு, கேள்வியையே தீர்ப்பாக்கிவிடுவது வேறு. நியூயார்க்கிலோ சிகாகோவிலோ அறியப்பட்ட ஒரு வீரர் அதே நேரத்தில் நீந்தியிருந்தால், கடிகாரத்தின் மீது அவ்வளவு எளிதில் பழி விழுந்திருக்குமா என்பதே என் ஐயம். புதிதாக இணைக்கப்பட்ட தீவு, பழுப்பு நிற மனிதர், ஊர் பேர் தெரியாத நடுவர்கள் என்ற இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்தச் சந்தேகத்துக்கு அத்தனை வலிமையைத் தந்திருக்க வேண்டும்.

இதற்கு ஹவாய் மக்கள் அளித்த விடை சிறப்பானது. மனு எழுதிக் காத்திருப்பதற்குப் பதிலாக நிதி திரட்டி அவரை அமெரிக்கப் பெருநிலத்துக்கு அனுப்பினார்கள். கடலில் நீந்திப் பழகியவருக்குக் குளமும், குளிர்ந்த நீரும், சுவரை உதைத்துத் திரும்பும் உத்தியும் புதியவை. அவற்றையெல்லாம் சில மாதங்களில் கற்றுக்கொண்டு, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டிக்கான அமெரிக்க அணியில் இடம்பெற்றார்.

ஸ்டாக்ஹோமில் நடந்தது நேரெதிரான கதை. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலின் தொடக்கச் சுற்றுகளை டியூக் எளிதாகக் கடந்தார். ஆனால், அரையிறுதி எப்போது என்பதில் அமெரிக்க அணியினருக்குக் குழப்பம் நேர்ந்துவிட்டது. அன்று மாலை அரையிறுதி இல்லை என்று எண்ணி, டியூக்கும் சக அமெரிக்கர்களான ஹுஸாக், மெக்கிலிவ்ரே ஆகியோரும் களத்துக்கே வரவில்லை. அவர்கள் இல்லாமலேயே அரையிறுதிகள் நடந்து முடிந்தன. விதிப்படி பார்த்தால் கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். வராதவருக்குப் போட்டி இல்லை என்பது எல்லா விளையாட்டுகளிலும் உள்ள அடிப்படை விதி.

அப்போது அமெரிக்கர்களுக்காகப் பேசியவராக ஆஸ்திரேலிய வீரர் செசில் ஹீலியை விளையாட்டு வரலாறு குறிப்பிடுகிறது. அவர் ஏற்கெனவே இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தார். டியூக் இல்லையென்றால் அவருடைய வாய்ப்பு பன்மடங்கு கூடும். இருந்தும், மிக வேகமான வீரர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பெறும் வெற்றிக்குப் பெருமையில்லை என்ற நிலைப்பாட்டை அவர் எடுத்தார். நடுவர் குழு இறங்கிவந்தது. வராதவர்களுக்கென்று தனியாக ஓர் அரையிறுதி நடத்தப்பட்டது. டியூக் அதில் 1 நிமிடம் 2.4 விநாடியில் நீந்தி, அப்போதைய உலக சாதனையைச் சமன் செய்தார். ஜூலை 10-இல் நடந்த இறுதிப் போட்டியில் 1 நிமிடம் 3.4 விநாடியில் தங்கம் வென்றார். வெள்ளி யாருக்கு? செசில் ஹீலிக்கு. யாருக்காகப் பரிந்து பேசினாரோ, அவரிடமே தோற்றார். வாய் திறக்காமல் இருந்திருந்தால், அந்தத் தங்கம் ஹீலியின் கழுத்துக்கே வந்திருக்கக்கூடும்.

அந்த முடிவு சரியானதுதானா? விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுவோர் இல்லை என்பர். தவறாமல் நேரத்துக்கு வந்தவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி அது என்றும் வாதிட முடியும். ஆயினும், என் பார்வையில் அந்த நடுவர் குழு ஒரு நுட்பமான வேறுபாட்டை உணர்ந்திருந்தது. நேரத்தை அறிந்து வீரர்களிடம் சொல்ல வேண்டியது அணி நிர்வாகத்தின் பொறுப்பு. நிர்வாகத்தின் பிழைக்கு வீரரைத் தண்டிக்க வேண்டியதில்லை என்று அவர்கள் கருதினர்.

இந்தக் கருத்து எப்போதும் நிலைத்ததில்லை. 60 ஆண்டுகள் கழித்து, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் வென்ற 16 வயது அமெரிக்கச் சிறுவர் ரிக் டிமான்ட்டின் தங்கம் பறிக்கப்பட்டது. ஆஸ்துமாவுக்கு அவர் உட்கொண்ட மருந்தில் தடை செய்யப்பட்ட எஃபெட்ரின் இருந்தது. தாம் உட்கொள்ளும் மருந்தை அவர் மறைக்கவில்லை. மருத்துவப் படிவத்தில் எழுதியிருந்தார். அதை உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்காதது அணி அதிகாரிகளின் தவறு. அந்தத் தவறு நடந்ததை அமெரிக்க ஒலிம்பிக் குழு ஒப்புக்கொள்ள 2001 வரை ஆயிற்று. பதக்கம் திரும்பவில்லை. 1912-இல் ஒரு கண்ணியமான எதிராளியும் நெகிழ்ந்துகொடுத்த நடுவர்களும் வாய்த்தது டியூக்கின் நல்லூழ் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே ஸ்டாக்ஹோம் அணியில் டியூக்குடன் சென்றவர் அமெரிக்கப் பழங்குடி வீரரான ஜிம் தார்ப். பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றவர். ஒலிம்பிக்குக்கு முன்பு சிறு தொகைக்காகப் பேஸ்பால் ஆடினார் என்று சொல்லி, 1913-இல் அவருடைய பதக்கங்களைப் பறித்தனர். ஆட்சேபங்களை 30 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அந்தப் போட்டியின் விதிகளே கூறின. அந்தக் கெடு கடந்து மாதங்கள் ஆகியிருந்தன. விதியின் பெயரால் தண்டித்தவர்கள் தங்கள் விதியைத் தாங்களே மீறினர். தார்ப் 1953-இல் காலமானார். 1982-இல் அவர் இணை வெற்றியாளராக்கப்பட்டார். தனி வெற்றியாளர் என்ற நிலை 2022-இல்தான் திரும்பியது. விளையாட்டின் மூலம் ஒரு காசும் ஈட்டக் கூடாது என்ற அன்றைய அமெச்சூர் விதி, வசதி படைத்தவர்களுக்கு ஒரு பொருட்டே அன்று. பழங்குடிப் பிள்ளைக்கும் தீவுப் பிள்ளைக்கும்தான் அது சுமை. உலகின் மிக வேகமான நீச்சல் வீரராக இருந்தும் டியூக் பல ஆண்டுகள் நிலையான வருமானம் இன்றி வாழ நேர்ந்ததற்கு அந்த விதியும் ஒரு காரணம்.

ஸ்டாக்ஹோமுக்குப் பிறகு அவருடைய புகழ் பரவியது. 1914-15-இல் ஆஸ்திரேலியாவின் அழைப்பை ஏற்று அங்கே சென்றார். 1915 ஜனவரியில் சிட்னியில் 100 கெஜத்தை 53.8 விநாடிகளில் நீந்தினார். அலாரம் கடிகாரத்தின் கணக்கு என்று ஏளனம் செய்யப்பட்ட நேரத்தைவிட இது 1.6 விநாடி குறைவு. சந்தேகித்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. அதே பயணத்தில், சிட்னியின் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில், மரத்தில் தாமே செதுக்கிய பலகையின் மீது நின்று அலைகளில் சறுக்கிக் காட்டினார். ஆஸ்திரேலியாவில் அலைச்சறுக்கு வேரூன்ற அந்த நாள் காரணமாயிற்று. அந்தப் பலகை இன்றும் அங்கே காக்கப்படுகிறது.

பிறகு போர் வந்தது. 1916 பெர்லின் ஒலிம்பிக் நடைபெறவில்லை. 25, 26 வயது என்பது ஒரு நீச்சல் வீரரின் உச்சப் பருவம். டியூக்குக்கு அது ஒலிம்பிக் இல்லாமல் கழிந்தது. செசில் ஹீலி 1918 ஆகஸ்ட் 29-இல் பிரான்ஸின் போர்முனையில் குண்டடிபட்டு இறந்தார். போரில் உயிரிழந்த ஒரே ஆஸ்திரேலிய ஒலிம்பிக் தங்கப் பதக்க வீரர் அவர். அந்தத் தங்கம் 1912-இன் அணிப் போட்டியில் கிடைத்தது.

1920-இல் ஆன்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக் மீண்டும் கூடியது. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டி ஆகஸ்ட் 24-ஆம் நாள், டியூக்கின் 30-ஆவது பிறந்தநாளன்று நடந்தது. 1 நிமிடம் 0.4 விநாடியில், புதிய உலக சாதனையுடன் அவர் முதலிடம் பெற்றார். வென்றவர் யார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், பின்னால் வந்த ஆஸ்திரேலியர் வில்லியம் ஹெரால்டு, அமெரிக்கர் நார்மன் ராஸ் தம் வழியில் குறுக்கிட்டுத் தடுத்துவிட்டதாக முறையிட்டார். இன்று நாம் காண்பது போல ஒவ்வொருவருக்கும் தனித்தடம் பிரிக்கும் மிதவைக் கயிறுகள் அன்று இல்லை. நேர்க்கோட்டில் நீந்துகிறோம் என்று நினைத்துக்கொண்டே அடுத்தவரின் வழிக்குள் புகுந்துவிட முடியும். வேண்டுமென்றே செய்தாரா, அறியாமல் நேர்ந்ததா என்பதைக் கரையிலிருந்து பிரித்தறிவது கடினம்.

இந்த முறையீட்டில் டியூக்கின் பெயரே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் வேறொருவர், பாதிக்கப்பட்டவரும் வேறொருவர். இருந்தும் முழுப் போட்டியும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. பிழையே செய்யாத டியூக், சில நாள்கள் கழித்து மீண்டும் நீருக்குள் இறங்க வேண்டியதாயிற்று. இறங்கினார், மீண்டும் வென்றார். ஹவாயின் புவா கெயலோஹா வெள்ளியும் பில் ஹாரிஸ் வெண்கலமும் பெற்றனர். முறையீடு செய்த ஹெரால்டுக்கு அந்தப் போட்டியில் பதக்கம் கிடைக்கவில்லை.

இதில் இரண்டு வினோதங்கள் உண்டு. செல்லாது என்று ஒதுக்கப்பட்ட போட்டியில் டியூக் நீந்திய நேரம் உலக சாதனைப் பட்டியலில் அப்படியே இருக்கிறது. போட்டி நடக்காததாகக் கருதப்பட்டது; ஆனால், அதில் ஓடிய கடிகாரம் செல்லும் என்றாயிற்று. 1911-இல் போட்டி செல்லும், கடிகாரம் செல்லாது என்றவர்களின் உலகம், ஒன்பது ஆண்டுகளில் தலைகீழாகிவிட்டது. இரண்டாவது வினோதம், அதே ஒலிம்பிக்கின் 4×200 மீட்டர் அணிப் போட்டியில் டியூக்கும், முறையீட்டுக்கு உள்ளான ராஸும் சேர்ந்தே தங்கம் வென்றனர். வெள்ளி வென்ற ஆஸ்திரேலிய அணியில் ஹெரால்டு இருந்தார்.

எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு ஆஸ்திரேலியர்களின் குரல் டியூக்கின் விதியைத் தொட்டது. ஒருவர் குரல் அவரை உள்ளே அழைத்தது; மற்றொருவர் குரல் அவர் வெற்றியைத் தள்ளிவைத்தது. ஹீலியை உத்தமர் என்றும் ஹெரால்டைக் குற்றவாளி என்றும் பிரித்துவிடுவது எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. தடுக்கப்பட்டதாக உண்மையிலேயே உணர்ந்த வீரர் முறையிடுவது அவருடைய உரிமை. உரிமை இருந்தும் பயன்படுத்தாமல் விடுவது பெருந்தன்மை. பெருந்தன்மையைப் போற்றலாம், அதை எவரிடமும் கட்டாயப்படுத்த முடியாது. தவறு, ஒருவருடைய குறைக்காக ஐந்து பேருக்கும் பொதுத் தண்டனை தருவதைத் தவிர வேறு கருவி இல்லாத அன்றைய விதிமுறையில்தான் இருந்தது.

அடுத்த ஒலிம்பிக்கில், 1924 பாரிஸில், 50 மீட்டர் குளமும் குறிக்கப்பட்ட தடங்களும் வந்தன. அங்கே டியூக் இளைஞரான ஜானி வைஸ்முல்லரிடம் தோற்று வெள்ளி பெற்றார். வெண்கலம் தம்பி சாமுக்கு. 34 வயதை நெருங்கியவரின் அந்தத் தோல்வியில் முறையீடு இல்லை, சர்ச்சை இல்லை. தன்னைவிட வேகமானவரிடம் தோற்பது எவ்வளவு எளிமையான காரியம் என்பதைச் சர்ச்சைகளைக் கடந்து வந்தவரே முழுமையாக உணர முடியும்.

1925 ஜூன் 14-ஆம் நாள் கலிஃபோர்னியாவின் கரோனா டெல் மார் கடற்கரை அருகே ஒரு படகு பேரலையில் கவிழ்ந்தது. டியூக் தம் அலைச்சறுக்குப் பலகையுடன் மீண்டும் மீண்டும் கடலுக்குள் சென்று எட்டுப் பேரைக் கரைசேர்த்தார். அன்று நேரத்தைக் குறித்துக்கொள்ளக் கரையில் நடுவர் எவரும் இல்லை. மீட்புப் பணியில் பலகையைப் பயன்படுத்தும் வழக்கம் கடற்கரைக் காவலர்களிடையே பரவ அந்த நிகழ்ச்சி உதவியது. ஹாலிவுட் படங்களில் சிறு வேடங்கள், ஹொனலூலூவில் பெட்ரோல் நிலையம் என்று பிழைப்பு நடத்தியவர், 1930-களில் ஹொனலூலூவின் ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1961 வரை அப்பொறுப்பில் இருந்தார். ஒரு காலத்தில் தீவின் கடிகாரத்தையே நம்பாதவர்கள் மதித்த மனிதராக, ஹவாயின் அதிகாரபூர்வ வரவேற்பாளராகவும் வாழ்ந்தார். 1968 ஜனவரி 22-இல் 77-ஆவது வயதில் மாரடைப்பால் மறைந்தார். அவருடைய சாம்பல் வைகீகி கடலிலேயே தூவப்பட்டது.

டியூக் தமக்கு நேர்ந்தவற்றை அமைதியாக ஏற்றுக்கொண்டதைப் பெருந்தன்மை என்று எல்லோரும் புகழ்கின்றனர். அந்தப் புகழுரையில் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. எதிர்த்துப் பேசினால் கேட்பார் இல்லாத இடத்திலிருந்து வந்தவருக்கு, மீண்டும் நீந்திக் காட்டுவதைத் தவிர வேறு முறையீட்டு மன்றம் எது? அவருடைய பொறுமையை வியப்பது தகும். ஆனால், பொறுமையைக் காட்டித் தீர்ப்பளித்தவர்களை விடுவித்துவிடக் கூடாது. அவரால் மீண்டும் வெல்ல முடிந்தது. ஒரே ஒருமுறை மட்டும் உச்சத்தைத் தொடக்கூடிய வீரர்களின் கதி என்ன? 1960 ரோம் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் மூன்று நேரக் கணிப்பாளர்களும் அமெரிக்கர் லான்ஸ் லார்சனே வேகமானவர் என்று குறித்திருந்தனர். கண்ணால் கண்ட நடுவர்கள் சமமாகப் பிரிந்து நிற்க, தலைமை நடுவர் ஆஸ்திரேலியர் ஜான் டெவிட்டுக்குத் தங்கத்தை அளித்தார். கடிகாரம் தோற்றது. லார்சனுக்கு மறுபோட்டி வாய்க்கவில்லை.

டியூக் மறைந்த அதே ஆண்டு அக்டோபரில், மெக்சிகோ ஒலிம்பிக்கில், சுவரைத் தொட்ட கணத்தைத் தானே பதிவுசெய்யும் தொடுபலகைகள் வந்தன. அலாரம் கடிகார ஏளனத்துக்கு இனி இடமில்லை. ஆனால், திரும்பும்போது கால் தவறியதா, மார்பு நீச்சலில் கூடுதலாக ஓர் உதை விழுந்ததா, அணிப் போட்டியில் முன்கூட்டியே குதித்தாரா என்ற கேள்விகள் இன்றும் எழுகின்றன. நீருக்கடியில் கேமராக்கள் இருந்தாலும் பதிவைப் பார்த்து முடிவு சொல்பவர் மனிதர்தான்.

ஆகவே, டியூக்கின் வாழ்க்கையிலிருந்து மூன்று நெறிகளை விளையாட்டு நிர்வாகங்கள் இன்றும் எடுத்துக்கொள்ளலாம். சந்தேகிப்பவரே ஆதாரம் காட்ட வேண்டும். ஊரும் நிறமும் ஆதாரமாகா. அதிகாரிகளின் பிழையை வீரரின் கணக்கில் எழுதக் கூடாது. ஒருவர் செய்த குற்றத்துக்குப் பொதுத் தண்டனை கூடாது. தகுதிநீக்கம் இல்லாமல் போட்டி இல்லை. விதி தளர்ந்தால் நேர்மையாக நீந்துபவரே முதலில் ஏமாற்றப்படுவார். அந்த அதிகாரம் அத்தனை பெரியது என்பதால்தான், தண்டிக்கப்படுபவருக்கு அதன் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். அவர் தரப்பு கேட்கப்பட வேண்டும். வீரருக்கு விதிக்கும் கெடு நிர்வாகிக்கும் பொருந்த வேண்டும். பல ஆண்டுக்காலக் காலைப் பொழுதுகளை நீரில் கழித்த ஒருவரிடம், அவர் நீந்தியது செல்லாது என்று சொல்வதற்கு முன், இவ்வளவையாவது நாம் செய்தாக வேண்டும்.